40 பிள்ளைகள், 25,000 ரூபாய்

படித்த பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 25,000 ரூபாய் திரட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸும் கோடிங்கும் கற்றுத்தரும் கிட் வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவாகிறது. எந்தக் கிட் என்ற கேள்வி வந்ததும் ஆளுக்கொரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். சக்கரம் வைத்து ஓடும் ரோபோ ஒன்று, ‘37 சென்சார்’ பெட்டி ஒன்று, வண்ண வண்ணக் கட்டைகளாக வரும் வெளிநாட்டு கிட் ஒன்று. விளம்பரங்களை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

கணக்குக்கு ஒரு பள்ளியை வரையறுத்துக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பில் 40 பிள்ளைகள். வாரம் ஒருமுறை தொடர்ந்தாற்போல் இரண்டு பீரியட், அதாவது 80 நிமிடம். தேர்வு, விடுமுறை, மழை லீவு எல்லாம் போக ஆண்டில் 30 வாரம் வகுப்பு நடக்கும். லேபில் ஓடும் நிலையில் 10 கணினிகள். பொருள்களை எடுத்துக் கொடுத்து, திரும்ப எண்ணி வாங்க 15 நிமிடம் போய்விடும். மிச்சம் 65 நிமிடம். இந்த 65 நிமிடத்தில் எத்தனை பிள்ளைகளின் கை உண்மையில் பொருளைத் தொடுகிறது என்பதுதான் என் அளவுகோல். கிட்டின் விலையைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதாது. கை வேலை செய்த மணிக்கணக்கால் வகுக்கவேண்டும்.

ஒரு கிட்டைச் சுற்றி இரண்டு பேர் உட்கார்ந்தால் இருவருக்கும் வேலை உண்டு. ஒருவர் வயரைச் செருகுவார், மற்றவர் படத்தைப் பார்த்துச் சரிபார்ப்பார், பிறகு மாறிக்கொள்வார்கள். மூன்றாமவர் எட்டிப் பார்ப்பார். நான்காமவர் ரெக்கார்டு நோட்டு எழுதுவார். அந்த நான்காமவர் பல வகுப்புகளில் பெண் பிள்ளையாக அமைந்துவிடுகிறார். அதனால்தான் கிட்டுக்கு இருவர் என்பதை விட்டுக்கொடுக்கக்கூடாத விதியாக வைக்கிறேன். பணம் போதவில்லை என்றால் கிட்டைச் சிறியதாக்கலாம், குழுவைப் பெரியதாக்கக்கூடாது.

இங்கே வரும் விலைகள் எல்லாம் வரி சேர்ந்த சில்லறை விலையை உருண்டையாக்கிய கணக்கு விலைகள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு விலை, இணையத்தில் ஒரு விலை, மாவட்டத் தலைநகரில் ஒரு விலை இருக்கும். 10, 20 சதவீதம் ஏறி இறங்கினாலும் முடிவு மாறாத அளவுக்கு வித்தியாசங்கள் பெரியவை என்பதை வாசகர் பார்க்கலாம்.

முதல் வழி, 25,000 ரூபாயையும் ஒரே பெரிய ரோபோ பெட்டியில் போடுவது. பாகங்கள் நிறைய இருப்பதால் தாராளமாகவே 4 பேருக்கு வேலை இருக்கும் என்று கொள்வோம். 65 நிமிடத்தை 4 இருக்கையால் பெருக்கி 40 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு வாரம் ஆறரை நிமிடம். ஆண்டு முழுக்க 195 நிமிடம், மூன்றே கால் மணி நேரம். வகுப்பு மொத்தத்துக்கும் 130 மணி. ஒரு பிள்ளையின் ஒரு மணி நேரக் கை வேலைக்கு 192 ரூபாய்.

இரண்டாம் வழி, நிரல் எழுதி இயக்கும் மைக்ரோபிட் மாதிரி நல்ல போர்டு 10 வாங்கி, அதற்கு வேண்டிய துணைப் பொருள்களுக்கு மிச்சத்தைச் செலவிடுவது. 20 பேருக்கு இருக்கை. ஆளுக்கு வாரம் 32.5 நிமிடம், ஆண்டுக்கு 16 மணி 15 நிமிடம். வகுப்புக்கு 650 மணி. மணிக்கு 38 ரூபாய் 46 காசு.

மூன்றாம் வழி, உதிரிப் பொருள்களை வாங்கி நாமே 20 செட் கட்டி, அதோடு மலிவான 10 போர்டு சேர்ப்பது. 40 பேருக்கும் இருக்கை. ஆளுக்கு ஆண்டுக்கு 32 மணி 30 நிமிடம், வகுப்புக்கு 1,300 மணி. முதல் ஆண்டில் மணிக்கு 16 ரூபாய்தான் ஆகிறது. இரண்டாம் ஆண்டில் அது 3 ரூபாய் சொச்சமாக இறங்கும். எப்படி என்று வரவு செலவைப் பிரித்துக் காட்டுகிறேன்.

அதற்கு முன், இந்தத் தொகை சிறியதா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். நிதி ஆயோக்கின் கீழ் இயங்கும் அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கியது. அதில் தேர்வாகும் பள்ளிக்கு ‘அடல் டிங்கரிங் லேப்’ அமைக்க 10 லட்சம், ஐந்தாண்டு நடத்த 10 லட்சம், ஆக 20 லட்ச ரூபாய் மானியம். 6 முதல் 12 வரை உள்ள வகுப்புகளுக்கான ஆய்வகம் அது. அரசுப் பள்ளிகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் ஐந்தாண்டில் வரும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அந்த வகுப்புகளில் 500 பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றால், 20 லட்சம் என்பது ஆண்டுக்கு ஆளுக்கு 800 ரூபாய். முன்னாள் மாணவர்களின் 25,000 ரூபாய் ஆளுக்கு 625 ரூபாய். இரண்டு தொகைக்கும் இடையே இருக்கும் தூரம் நாம் நினைப்பது போல் அவ்வளவு பெரியதல்ல. ஆகவே பணம் குறைவு என்று தயங்க வேண்டாம்.

இரண்டு பிள்ளைகளுக்கான ஒரு செட்டின் கணக்கு இது:

400 துளை பிரெட்போர்டு 1 – 50 ரூபாய்
ஜம்பர் வயர் 20 – 30
எல்இடி (சிவப்பு 4, பச்சை 3, மஞ்சள் 3), ஒன்று 1.50 வீதம் – 15
ரெசிஸ்டர் 470 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், வகைக்கு 10, ஒன்று 50 காசு வீதம் – 15
எல்டிஆர் 2 – 12
புஷ் பட்டன் 4 – 10
பிசி 547 டிரான்சிஸ்டர் 4 – 8
கெப்பாசிட்டர் 100 மைக்ரோ ஃபாரட் 2, 10 மைக்ரோ ஃபாரட் 2 – 8
555 டைமர் ஐசி 2 – 16
பொட்டென்ஷியோமீட்டர் 1 – 12
பஸ்ஸர் 1 – 15
4 செல் போடும் பேட்டரி ஹோல்டர் 1 – 25
மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா 1 – 40
மொத்தம் – 256 ரூபாய்

20 செட்டுக்கு 5,120 ரூபாய். வகுப்பு முழுவதற்குமான எலக்ட்ரானிக்ஸ் அடிப்படை மொத்தத் தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் முடிந்துவிட்டது. இதில் கணினி வேண்டாம், இணையம் வேண்டாம், கரண்ட் போனாலும் வகுப்பு நிற்காது.

பட்டியலில் நீல எல்இடியும் வெள்ளை எல்இடியும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அவை எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். சிவப்பு, மஞ்சள், சாதாரணப் பச்சை ஆகியவற்றுக்கு 2 வோல்ட் அளவே போதும். அதனால் ஒரே 470 ஓம் ரெசிஸ்டரை வைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் சமாளிக்கலாம். 4 செல் தரும் 6 வோல்ட்டில் மின்னோட்டம் 8.5 மில்லி ஆம்பியர், போர்டு தரும் 5 வோல்ட்டில் 6.4, 3.3 வோல்ட்டில் 2.8. மூன்றிலும் விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி எரியும், மூன்றிலும் எதுவும் கருகாது. 40 பிள்ளைகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் இடத்தில் ‘இதற்கு இந்த மதிப்பு, அதற்கு அந்த மதிப்பு’ என்று ஆறு வகை கொடுத்தால் வண்ணப் பட்டை பார்ப்பதிலேயே பீரியட் முடிந்துவிடும்.

இந்தச் செட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் 8 ரூபாய் 555 ஐசி. ஹான்ஸ் கமென்சிண்ட் 1971இல் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்தது, மறு ஆண்டு விற்பனைக்கு வந்தது, இன்றும் தயாராகிறது. 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 100 மைக்ரோ ஃபாரட் மூன்றையும் சேர்த்தால் எல்இடி தானாக விட்டுவிட்டு எரியும். சூத்திரப்படி 1.44ஐ 2.1ஆல் வகுக்கவேண்டும், நொடிக்கு 0.69 முறை, நிமிடத்துக்கு 41 முறை. இப்போது 20 குழுக்களையும் ஒரு நிமிடம் எண்ணச் சொல்லிக் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். 41 என்று எல்லோருக்கும் வராது. கெப்பாசிட்டரின் மேல் அச்சடித்திருக்கும் மதிப்பு 20 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது தயாரிப்பாளர் சொல்லிவிட்ட விஷயம். அந்த எல்லைக்குள் எண்ணிக்கை 34இல் இருந்து 51 வரை எங்கும் விழலாம். ‘என்னுடையது தப்பா சார்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு, தப்பில்லை, பொருளின் இயல்பு இது என்று சொல்ல ஒரு வாய்ப்பு. அதே மேசையில் 100க்குப் பதில் 10 மைக்ரோ ஃபாரட் போட்டால் பத்து மடங்கு வேகமாகத் துடிக்கும். கணக்குப் பாடத்தில் படித்த எதிர்விகிதம் கண்ணெதிரே நடக்கும். சராசரி, வீச்சு, பிழை எல்லாம் ஒரே வகுப்பில் வந்துவிடும். எல்லாம் தொழிற்சாலையிலேயே சரிசெய்யப்பட்டு வரும் பெட்டிகளில் இந்த வேறுபாடு பிள்ளையின் கண்ணுக்குப் படுவதில்லை.

இனி போர்டு. ஆர்டுயினோ திட்டம் 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தொடங்கியது. யூனோ போர்டு 2010இல் வந்தது. 14 டிஜிட்டல் பின், 6 அனலாக் பின், 32 கிலோபைட் நினைவகம். வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதால் பிறர் தயாரித்து விற்பது முறையானதே. ஆர்டுயினோ என்ற பெயரையும் முத்திரையையும் போட்டு விற்பதுதான் தவறு. அப்படி வரும் இணையான போர்டு யுஎஸ்பி கேபிளோடு 450 ரூபாய் என்று கணக்கு வைக்கிறேன். ஒரிஜினல் இதைப்போல் பல மடங்கு.

மைக்ரோபிட் இன்னொரு பரம்பரை. பிபிசி முன்னின்று நடத்திய திட்டத்தில் 2016இல் பிரிட்டனில் ஏழாம் ஆண்டு படிக்கும் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்காகச் சுமார் 10 லட்சம் போர்டுகள் இலவசமாகத் தரப்பட்டன. 2020இல் புதிய வடிவம் வந்தது. 25 எல்இடி, 2 பட்டன், அசைவை உணரும் சென்சார், திசைகாட்டி, வெப்பநிலை, ரேடியோ, மைக், ஸ்பீக்கர் எல்லாம் அட்டையிலேயே இருக்கும். கணினியில் செருகினால் பென் டிரைவ் போல் தோன்றும். எதையும் நிறுவத் தேவையில்லை. கணக்கு விலை 1,900 ரூபாய், யூனோ வகை நான்கின் விலைக்கும் மேல்.

விலை மட்டும் பார்த்தால் இது அநியாயமாகத் தெரியும். ஆனால் யூனோவில் அதே வசதிகளைத் தனித்தனியாகச் சேர்த்துப் பாருங்கள்: அசைவு சென்சார் 150, திசைகாட்டி 200, எல்இடி பலகை 120, ரேடியோ 100, மைக் 50, பஸ்ஸர் 15, பட்டன் 5, போர்டு 450, ஆக 1,090 ரூபாய். ரூபாயில் இன்னும் மலிவுதான். வயரை எண்ணுங்கள்: 4, 4, 5, 7, 3, 2, 4, மொத்தம் 29 வயர், 58 முனை. ஒவ்வொரு முனையும் நூற்றுக்கு 99 தடவை சரியாகப் பதியும் என்று வைத்தால்கூட, 58 முனையும் ஒருசேரச் சரியாக இருக்க வாய்ப்பு 56 சதவீதம்தான். பத்துக் குழுவில் நாலு குழு லூஸ் வயரைத் தேடிக்கொண்டிருக்கும், ஆசிரியர் ஒருவர். 6 வயர் மட்டும் உள்ள எளிய சுற்றில் 12 முனை; வாய்ப்பு 89 சதவீதம். இருபது குழுவில் இரண்டு தடுமாறும், அதை ஓர் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள். யூனோ வாங்கினால் ஒரு நேரத்தில் ஒரு சென்சார், அதற்கு மேல் வேண்டாம். இன்னும் கையில் பணம் இருந்தால் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மைக்ரோபிட்தான் சிறந்தது, அதில் எனக்கு ஐயமில்லை. நம் திட்டத்தில் உள்ள 13 போர்டையும் (வகுப்புக்கு 10, உபரி 2, ஆசிரியருக்கு 1) மைக்ரோபிட்டாக மாற்றினால் 18,850 ரூபாய் கூடும், அடுத்த ஆண்டு உபரி இரண்டுக்கும் சேர்த்து 21,750. மொத்தச் செலவு 46,750. அந்தத் தொகை திரண்டால் தயங்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். 25,000தான் என்றால் யூனோ. இருக்கைகளைப் பாதியாக்கி மைக்ரோபிட் வாங்குவது சரியல்ல.

ராஸ்பெரி பை பைக்கோ 2021இல் 4 டாலர் விலையில் வந்தது. 264 கிலோபைட் நினைவகம், பைத்தான் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அருமையான போர்டு. பின் பற்றவைத்து வரும் வகையாகப் பார்த்து வாங்கவேண்டும், 3.3 வோல்ட்டைத் தாண்டி எதையும் அதன் பின்னில் கொடுக்கக்கூடாது. முழு ராஸ்பெரி பை என்பது ஒரு கணினி. திரை, கீபோர்டு, மெமரி கார்டு, சார்ஜர் எல்லாம் தனிச் செலவு. கணினி ஏற்கெனவே உள்ள லேபுக்கு அது இப்போது தேவையில்லை.

‘37 சென்சார்’ பெட்டியைப் பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லியாகவேண்டும். எண்ணிக்கை கவர்ச்சியாக இருக்கிறது. திறந்து பார்த்தால் எல்இடி வகை மட்டும் 5, காந்தத்தை உணர்பவை 5, ஒலியை உணர்பவை 2, பஸ்ஸர் 2. 14 பொருள், 4 தத்துவம். அது பணக்கணக்கு, இன்னொன்று உயிர்க்கணக்கு. இந்தப் பெட்டிகள் பலவற்றில் சாய்வை உணர ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருக்கும், உள்ளே பளபளப்பாக உருளுவது பாதரசம். குமிழ் உடைந்தால் வகுப்பறைத் தரையில் பாதரசம். லேசர் மாட்யூல் ஒன்று இருக்கும், அது கண்ணுக்குக் கேடு. ரிலே ஒன்று இருக்கும், அதைப் பார்த்ததும் வீட்டு மின்விளக்கை இணைத்துப் பார்க்கும் ஆசை எந்தப் பிள்ளைக்கும் வரும். யாராவது இந்தப் பெட்டியை அன்பளிப்பாகத் தந்துவிட்டால் இந்த மூன்றையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு மற்றவற்றைப் பயன்படுத்துங்கள். 230 வோல்ட் எந்த வடிவிலும் இந்த வகுப்புக்குள் வரக்கூடாது. பழைய லேப்டாப் பேட்டரியில் இருந்து பிரித்தெடுத்த லித்தியம் செல்லும் வேண்டாம்.

இப்போது முழு வரவு செலவு. 20 செட் 5,120. யூனோ வகை போர்டு 10, விலை 4,500. அல்ட்ராசோனிக் சென்சார் 80 வீதம் 10, சிறிய சர்வோ மோட்டார் 110 வீதம் 10, இரண்டும் 1,900. மல்டிமீட்டர் 200 வீதம் 5, விலை 1,000. பென்டார்ச்சில் போடும் ஏஏ செல் ஒன்று 12 ரூபாய்; செட்டுக்கு 4, ஆண்டுக்கு இரண்டு முறை மாற்ற 160 செல், 1,920 ரூபாய். கட்டர், ஸ்க்ரூ டிரைவர், ஆசிரியர் மட்டும் கையாளும் ஒரு சால்டரிங் அயர்ன், ஈயம், ஸ்டாண்டு சேர்த்து 910.

உபரிப் பொருளுக்கு 2,140 ரூபாய்: எல்இடி 200, ரெசிஸ்டர் 300, ஜம்பர் வயர் 40 கொண்ட கட்டு 4, டிரான்சிஸ்டர் 40, 555 ஐசி 10, பிரெட்போர்டு 3, கேபிள் 4, போர்டு 2. பலர் இந்த வரியைத்தான் வெட்டுவார்கள். இதை வெட்டினால் தீபாவளிக்குள் பாதி டப்பா ஊனமாகிவிடும். வேறெதை வேண்டுமானாலும் குறையுங்கள், உபரியைக் குறைக்காதீர்கள்.

வண்டிச் சத்தம் அல்லது கூரியர் 600. ஆசிரியருக்கு ஒரு முழுச் செட்டும் ஒரு போர்டும் 706 ரூபாய். அவர் வீட்டுக்கு எடுத்துப் போய்ச் செய்து பார்க்கவேண்டும், லேபில் வைத்துப் பூட்ட அல்ல. இதுவரை 18,796. வாரம் ஒரு சுற்றுப்படம் 20 பிரதி ஜெராக்ஸ், பிரதி ஒன்றரை ரூபாய், 30 வாரத்துக்கு 900. ஆக 19,696. அடுத்த ஆண்டு செல்லுக்கும் உபரிக்கும் 1,920ம் 2,140ம் சேர்ந்து 4,060ஐ வங்கியில் நிறுத்திவைக்கவேண்டும். அப்போது 23,756.

மிச்சம் 1,244 ரூபாய். இதை முன்கூட்டியே எதற்கும் ஒதுக்கவேண்டாம். நவம்பர் மாதம் ஒரு பிள்ளை வந்து, ‘செடிக்குத் தண்ணி வத்திடுச்சான்னு பார்க்கிற மாதிரி செய்யலாமா மிஸ்?’ என்று கேட்கும். மண் ஈரம் பார்க்கும் சென்சாரும் சிறிய பம்பும் சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். கேட்ட அடுத்த வாரம் பொருள் கையில் கிடைத்தால் அந்தப் பிள்ளை பிறகு ஆசிரியரைத் துரத்திக்கொண்டு கற்றுக்கொள்ளும். ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்றால் கேள்வி அத்தோடு முடிந்தது.

வங்கியில் நிறுத்தும் 4,060 நீங்கலாக முதல் ஆண்டுச் செலவு 20,940. அதை 1,300 மணியால் வகுத்தால் மணிக்கு 16 ரூபாய் 11 காசு. இரண்டாம் ஆண்டு 4,060ஐ வகுத்தால் 3 ரூபாய் 12 காசு.

10 போர்டை வைத்துக்கொண்டு 40 பேருக்கு எப்படி நடத்துவது? முதல் 8 வாரம் போர்டே வேண்டாம், டப்பா மட்டும். மிச்சம் 22 வாரத்தில் வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி கணினி முன் போர்டோடு, மறு பாதி டப்பாவோடு, அடுத்த வாரம் மாற்றி. ஆளுக்கு 11 வகுப்பு போர்டில் கிடைக்கும், ஏறக்குறைய 12 மணி நேரம். விளக்கு, பட்டன், எல்டிஆர், பஸ்ஸர், சர்வோ, அல்ட்ராசோனிக் வரை போக இது போதும்.

அல்ட்ராசோனிக் சென்சாரில் ஒரு நல்ல பாடம் ஒளிந்திருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் ஒலியின் வேகம் பெரும்பாலும் நொடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும். அது 20 டிகிரி வெப்பத்துக்கான அளவு. 35 டிகிரி காயும் நம் வகுப்பறையில் வேகம் 352 மீட்டருக்கும் சற்று மேல். சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் திரையில் 97 சென்டிமீட்டர் அளவில் வரும். அளவுகோலா நிரலா எது பொய் சொல்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடவேண்டும். நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவர்கள் தாமாக உணரும் நாள்தான் கோடிங் வகுப்பு உண்மையில் தொடங்கிய நாள்.

சர்வோவுக்கு ஒரு குறிப்பு. யுஎஸ்பி 2 வழியாகக் கணினி தருவது 500 மில்லி ஆம்பியர். சுமை தடுத்தால் சர்வோ இழுப்பது அதையும் தாண்டும், போர்டு அணைந்து அணைந்து எரியும். டப்பாவில் ஏற்கெனவே உள்ள 4 செல் ஹோல்டரில் இருந்து சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, போர்டு, ஹோல்டர் இரண்டின் கிரவுண்டையும் இணைத்தால் தீர்ந்தது. கோடை விடுமுறைக்கு முன் எல்லா செல்லையும் கழற்றிவிடவேண்டும். கசிந்து ஹோல்டரின் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

கோடிங் மட்டும் கற்கக் கிட் தேவையில்லை என்பதையும் பெற்றோர் தெரிந்துகொள்ளவேண்டும். எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். டிங்கர்கேட் தளத்தில் யூனோவும் பிரெட்போர்டும் திரையிலேயே உண்டு, அதுவும் இலவசம். எல்இடி எத்தனை முறை கருகினாலும் செலவில்லை. இவற்றில் பழகிய பிறகு கையில் பொருளைக் கொடுத்தால் சேதமும் குறையும்.

வாங்கப் போகும்போது கவனிக்கவேண்டியவை சில. மொத்தமாகக் கேட்டால் கடைக்காரர் தரும் கொட்டேஷனில் ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று எழுதி வாங்குங்கள். 20,000 என்று போட்டு 18 சதவீதம் சேர்ந்தால் 23,600 ஆகிவிடும். கேபிளில் சார்ஜ் மட்டும் ஆகும் வகை கலந்துவிடும். அதைச் செருகினால் போர்டில் விளக்கு எரியும், கணினிக்குத் தெரியாது, போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவோம். முடிந்தால் ஒரு லேப்டாப்பைக் கொண்டுபோய் எல்லாப் போர்டையும் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். லேபில் உள்ள கணினி விண்டோஸ் 10க்கு முந்தையது என்றால் ஆர்டுயினோ ஐடிஇ 2 ஓடாது, பழைய 1.8.19ஐப் போடவேண்டும். மலிவான போர்டுகளுக்கு சிஎச் 340 டிரைவர் வேண்டியிருக்கும், அதை நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று பணம் கட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

எல்லாக் கணக்கையும் கவிழ்க்கக்கூடிய ஒன்று பள்ளியின் இருப்புப் பதிவேடு. நன்கொடையாக வந்த பொருள் நிலையான பொருளாகப் பதிவாகிவிட்டால், தணிக்கை அன்று ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்டவேண்டியவர் ஆசிரியர். ஒன்றரை ரூபாய் எல்இடி கருகினாலும் அவர் பதில் சொல்லவேண்டும். அந்த நிலையில் எந்த ஆசிரியரும் பீரோவைப் பூட்டிவைப்பார், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆகவே நன்கொடைக் கடிதத்திலேயே, மல்டிமீட்டரும் கருவிகளும் தவிர மற்ற அனைத்தும் நுகர்பொருள், பயிற்சியில் உடையவும் கருகவும் தேயவும் செய்யும், அதற்கு ஆசிரியரோ மாணவரோ பொறுப்பல்லர் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். தலைமையாசிரியரிடம் பேசி, பதிவேட்டில் நுகர்பொருள் பக்கத்தில் ஏற்றச் சொல்லுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை. 65 நிமிடமும் பிள்ளைகளின் கையில் பொருள் இருக்குமா என்பதைத் தீர்மானிப்பது இந்தத் தாள்தான்.

பள்ளிக்கு உதவ நினைக்கும் நண்பர்களே, பளபளக்கும் ஒரு பெட்டியை வாங்கி மேடையில் கொடுக்காதீர்கள். உதிரிப் பொருள் வாங்குங்கள், ஒரு சனிக்கிழமை பள்ளிக்குப் போய் ஆசிரியரோடு உட்கார்ந்து 20 டப்பாவையும் நீங்களே நிரப்பிக் கொடுங்கள், அடுத்த ஜூனில் அந்த 4,060 ரூபாயை மறக்காமல் எடுத்து அனுப்புங்கள்.